வாடிய மிளகாய்ச் செடியைத் தேற்றுவது: வடசென்னை மொட்டைமாடிகளுக்கு ஒரு வழிமுறை

மொட்டைமாடியில் வளரும் மிளகாய்ச் செடியின் கொழுந்து சுருண்டு, பூ உதிர்ந்து, இலையின் அடியில் ஏதோ ஊர்வதைக் கண்டவுடன் நம்மில் பலரும் முதலில் தேடுவது வேப்பெண்ணெய்ப் புட்டியைத்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்றாம் மாடித் தளத்தில் முப்பது நாற்பது பைகளை வைத்துக்கொண்டு பல கோடைகளைக் கடந்தபின் எனக்குப் புரிந்தது, பூச்சி பெரும்பாலும் பின்னால் வந்து சேர்கிறது என்பதுதான். அதற்கு முன்பே உப்புத் தண்ணீரோ, தளத்தின் சூடோ, பையின் அடியில் தேங்கிய ஈரமோ வேரைத் தளர்த்தியிருக்கும். தளர்ந்த செடியைத்தான் சாறுண்ணிகள் எளிதில் மொய்க்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்போகும் முறை வேரில் தொடங்கி இலைக்குப் போகிறது. மிளகாயை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். கத்தரி, தக்காளி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் நாள்

வாடிய செடியைக் கண்ட அன்று செய்யவேண்டிய வேலை மிகக் குறைவு. அந்தப் பையை மற்றவற்றிலிருந்து நான்கைந்து அடி விலக்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்குப் பக்கம் இதற்குப் பொருத்தமானது. நண்பகலுக்குப் பிறகு தொட்டியின் நிழலே குடையாகிவிடும். பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தும் உள்ளே குழைவாக ஈரம் இருந்தால், செடி தாகத்தால் வாடவில்லை, மூச்சுத் திணறித்தான் வாடுகிறது என்று பொருள். பையைச் சற்றே தூக்கிப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும். ஒரு வாரம் தினமும் தூக்கிப் பழகிய கைக்கு, நீர் வேண்டிய பை எது, வேண்டாத பை எது என்பது எடையிலேயே பிடிபடும்.

வெயில் உச்சியில் இருக்கும்போது இலை தொங்கி, மாலை ஆறு மணிக்குள் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயன்று. மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல், மதியம் இரண்டு மணிக்கு மாடியேறிப் பார்த்துப் பதறி, ஏற்கெனவே ஈரமாக இருந்த பையில் மேலும் ஒரு குடம் ஊற்றி அழுகவிட்ட செடிகள் என் கணக்கில் கணிசமாக உண்டு.

அடுத்தது இலையின் அடிப்பக்கம். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு கிளையை இரண்டு தட்டுத் தட்டினால், அதில் விழுபவை கதையைச் சொல்லிவிடும். ஊசி முனைபோல நீளமாக, மஞ்சளாகவோ பழுப்பாகவோ விரைந்து ஓடுபவை இலைப்பேன்கள். புள்ளிபோலத் தெரிந்து மெல்ல நகர்பவை சிலந்திப்பேன்கள். அவற்றைத் தாளில் விரலால் தேய்த்தால் கறை படியும். தட்டும்போதே புகைபோல எழும்பிப் பறப்பவை வெள்ளை ஈக்கள். கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது பலருக்கும் போதும். ஆனால் மிளகாயின் கொழுந்தில் வாழும் மஞ்சள் சிலந்திப்பேன் கண்ணுக்கே அகப்படாத அளவு சிறியது என்பதால், அதற்கு மட்டும் ஒரு நல்ல பூதக்கண்ணாடி தேவைப்படும்.

மூலக்கடைப் பக்கம் நான் வேப்பம்புண்ணாக்கு வாங்கும் மாட்டுத்தீவனக் கடைக்காரரிடம் ஒருமுறை, “அண்ணே, மிளகா சுருண்டுபோச்சு, மருந்து ஏதாவது குடுங்க” என்று கேட்டேன். அவர் மூட்டையிலிருந்து நிமிராமலே, “இன்னா பூச்சின்னு பாத்துனு வா தம்பி, அப்பால மருந்து சொல்றேன்” என்றார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதைவிடச் சுருக்கமாக இந்தக் கட்டுரையின் முதல் பாதியைச் சொல்லிவிட முடியாது என்று தோன்றுகிறது.

முதல் நாளில் உரம் எதுவும் கூடாது. காசிமேட்டில் வாங்கிய மீன் கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து, மூன்று வாரம் மூடிவைத்து, நானே தயாரித்த மீன் அமிலத்தை, வாடிக்கிடந்த ஆறு கத்தரிச் செடிகளுக்குத் தெம்பு வரட்டும் என்று கண்ணளவில் தாராளமாக ஊற்றினேன். லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி போதும் என்பது தெரிந்தும் செய்த தவறு அது. மூன்றாம் நாள் இலையோரங்கள் கருகின. ஒரு வாரத்தில் நான்கு செடிகள் போய்விட்டன. காய்ச்சலில் படுத்திருப்பவனுக்குப் பிரியாணி ஊட்டிய கதைதான். தளர்ந்த வேரால் உணவை எடுத்துக்கொள்ள இயலாது. எடுக்கப்படாத உணவு பையிலேயே தங்கி உப்பாகச் செறிந்து, வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது.

தண்ணீரும் உப்பும்

வடசென்னையில் செடி வளர்ப்பவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாகத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கடலோரமாக ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் வாயில் வைக்கும்போதே கரிக்கும். இன்னும் வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுமீறி நீர் உறிஞ்சப்பட்டதால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் தொடங்கப்பட்டது. ஆக, நம் வீட்டுக் குழாயில் வருவது ஏரி நீரா, கடலிலிருந்து வடித்த நீரா, லாரியில் வந்ததா, போர் தண்ணீரா என்பது நாளுக்கு நாள் மாறலாம். செடிக்கு அந்த வேறுபாடு தெரியும்.

நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மானி என்ற சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு வகுத்திருக்கும் அளவுகோலின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவான உப்புள்ள நீரால் தொல்லையில்லை. 2000-க்கு மேல் போனால் கடுமையான பாதிப்பு வரும். இடைப்பட்டதை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். இதிலும் செடிக்குச் செடி தாங்கும் திறன் வேறுபடுகிறது. பீன்ஸ், கத்தரி, மிளகாய் ஆகியவை உப்புக்கு எளிதில் தளர்பவை. தக்காளி கொஞ்சம் தாங்கும். பருப்புக்கீரை நன்றாகவே தாங்கும். என் வீட்டுப் போர் தண்ணீர் கோடையில் 1700-ஐத் தொடும்போது, மிளகாய்க்குக் குழாய்த் தண்ணீரும் பருப்புக்கீரைக்குப் போர் தண்ணீரும் என்று பங்கு பிரித்துவிடுகிறேன். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கருவி தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்வது நல்லது.

உப்பு மிகுந்துவிட்டதைக் காட்டும் அடையாளங்கள் எளிமையானவை. பையின் விளிம்பிலும் அடித்துளையைச் சுற்றியும் வெள்ளைப் பொருக்குப் படியும். முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் காகிதத்தை நெருப்பில் காட்டியதுபோலப் பழுப்புக் கரை ஓடும். ஈரம் இருந்தும் செடி தாகத்தோடு நிற்பதுபோலத் தெரியும். தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த பைகளில் இது விரைவாக வரும். ஏனெனில், சரியாகக் கழுவப்படாத கோகோபீட்டே ஓரளவு உப்போடுதான் கடைக்கு வருகிறது. கட்டியை ஊறவைத்து, நீரைப் பிழிந்து கொட்டி, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

உப்பைக் கழுவி இறக்க ஒரே வழி நல்ல நீரைப் பொறுமையாக ஊற்றுவதுதான். 20 லிட்டர் கொள்ளும் பைக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் வேண்டும். அதை ஒரே மூச்சில் கொட்டாமல், காலை ஆறு மணிக்குத் தொடங்கி, நான்கைந்து தவணையாக, ஒவ்வொரு முறையும் அடித்துளையில் ஒழுகி முடிந்தபின் அடுத்தது என்று ஊற்ற வேண்டும். கடைசியாக ஒழுகும் நீரை மானியில் பார்த்தால், ஊற்றிய நீரின் அளவுக்கு அது நெருங்கி வந்திருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதும் இந்த வேலையில் அடக்கம். தளத்து நீர் அவர்கள் துணி காயும் கொடிமேல் ஒழுகினால் தோட்டமே நின்றுபோகும். கழுவியபின் மண் ஓரளவு காயும்வரை, மூன்று நான்கு நாள்கள், மறுபடி நீர் ஊற்றக்கூடாது. மழைநீர் இதற்கு ஈடற்றது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது இறக்கிய குழாயிலிருந்தே ஒரு பீப்பாய்க்கு இணைப்பு எடுத்து மூடிவைத்தால், உப்பில்லாத நீர் பல வாரங்களுக்குக் கையிருப்பில் இருக்கும். கொசு புகாதபடி மூட வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால், வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. முக்கியமாக, நுண்ணுயிர் உரம் கலக்கும் நாள்களில் இதைத் தவறவிடக்கூடாது.

சூடும் தூசியும்

சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் அளந்த 45 பாகை. நிழலில் வைத்து அளந்த காற்றின் சூடு அது. சிமெண்டுத் தளத்தில் கறுப்புப் பைக்குள் அடைபட்ட வேரின் நிலையை அந்த எண்ணிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். கத்திரி வெயில் காலத்தில் பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல், இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றிவைத்தால் அடியில் காற்று ஓடும், நீரும் வடியும். பையின் மேற்குப் பக்கத்தை நனைத்த கோணிச்சாக்கால் மறைத்தால் வேருக்கு மாலை வெயில் தாக்காது. 50 விழுக்காடு நிழல்வலையைத் தளத்திலிருந்து ஏழு அடி உயரத்தில் கட்டினால் போதும். அதற்குக் கீழே கட்டினால் வெக்கை அடைபட்டு, வலைக்குள் ஒரு வேனல் அறை உருவாகிவிடும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாள்களில் மிளகாய் பூவை உதிர்ப்பது அதன் தற்காப்பு. அதைப் பூச்சியின் வேலை என்று எண்ணி மருந்தடித்தால், மேலும் பூக்கள்தான் கொட்டும். கடற்காற்று நண்பகலுக்குள் வந்து சேரும் நாளில் செடிகள் தாமாகவே தெளிவதைப் பார்க்கலாம். அது வராமல் மேல்காற்றே அடிக்கும் நாளில் மாலையில் தளத்தை நனைத்துக் குளிரவைப்பது உதவும்.

தூசியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், வடக்கிலிருந்து காற்று வீசும்போது இறங்கும் சாம்பல் துகளும், துணி உலர்த்துபவர்கள் அனைவரும் அறிந்தவை. அதே படலம் இலையிலும் படிகிறது. வெளிச்சம் குறைவது ஒருபுறம் இருக்க, சிலந்திப்பேனைத் தின்னும் நன்மைசெய் பூச்சிகளுக்குத் தூசி படிந்த இலை ஒத்துவராது. வறண்ட சூடும் தூசியும் சேர்ந்த இலைதான் சிலந்திப்பேனுக்குச் சொந்த வீடு. எனவே வாரத்துக்கு இரண்டு நாள் அதிகாலையில் கைத்தெளிப்பானால் இலையின் மேலும் அடியிலும் வெறும் நீரை அழுத்தமாக அடித்துக் கழுவுவது, நான் அறிந்தவரை, இந்தப் பகுதிக்கு மிகப் பயனுள்ள ஒற்றைப் பழக்கம். அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சியும் சிலந்திப்பேனும் ஆரம்பநிலையில் இருந்தால் இந்தக் கழுவலே அவற்றைப் பாதியாகக் குறைத்துவிடும். வெயில் ஏறுவதற்குள் இலை உலர்ந்துவிட வேண்டும். மாலையில் கழுவினால் இரவு முழுவதும் ஈரம் நின்று பூசணத்துக்கு வழிவிடும்.

சுருண்ட இலை சொல்வது

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதே பாதி நோயறிதல். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணிபோல ஆகியிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, கொழுந்து கடினமாகிப் பளபளத்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதும் உண்டு. இலை சிறுத்து, மஞ்சள் பாரித்து, நரம்புகள் தடித்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாக நின்றுவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நச்சுயிரி. முதல் இரண்டிலிருந்தும் செடி மீளும். மூன்றாவதற்கு மருந்து கிடையாது. அத்தகைய செடியைக் காப்பாற்ற முயலும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிகளுக்கு நோயைக் கொடுக்கிறோம். காலையில், ஈக்கள் மந்தமாக இருக்கும் நேரத்தில், ஒரு பெரிய பாலித்தீன் பையால் செடியை மூடி, அப்படியே வேரோடு பிடுங்கிக் கட்டிவிட வேண்டும். பூத்துக் காய்த்த செடியைப் பிடுங்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஒரு செடிக்காகத் தயங்கிப் பதினொரு செடிகளை இழந்த ஆண்டும் எனக்கு உண்டு.

இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் வேப்பெண்ணெய் நல்ல மருந்து. ஆனால் கலக்கும் விதம் முக்கியம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முதலில் இரண்டு மூன்று மில்லி திரவ காதி சோப்பைக் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டு, பால்போல வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சேரவில்லை என்று பொருள். அதை அப்படியே தெளித்தால் எண்ணெய் விழுந்த இடமெல்லாம் இலை வேகும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். தெளிக்கும் நேரம் மாலை ஐந்தரைக்குப் பிறகு. தெளிப்பதற்கு முன் காலையிலேயே செடிக்கு நீர் ஊற்றியிருக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கலாகாது. இலையின் அடிப்பக்கம் நனையாத தெளிப்பு வீண். எண்ணெய் முட்டைகளை முழுவதும் அழிப்பதில்லை என்பதால், ஐந்திலிருந்து ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால்தான், புதிதாகப் பொரித்து வருபவையும் அடங்கும். ஒருமுறை அடித்துவிட்டுப் “பயனில்லை” என்று அடுத்த மருந்துக்குத் தாவுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. எண்ணெய் ஒத்துக்கொள்ளாத மென்மையான நாற்றுகளுக்கு, இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஓர் இரவு ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறு இதைவிடப் பாதுகாப்பானது.

வெள்ளை ஈக்குப் பசை தடவிய மஞ்சள் நிற அட்டையும் இலைப்பேனுக்கு அதேபோன்ற நீல நிற அட்டையும் செடியின் உயரத்துக்குத் தொங்கவிடலாம். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவினாலும் வேலை நடக்கும். இவை பூச்சியை ஒழித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்க்க உதவும்.

மஞ்சள் சிலந்திப்பேனுக்கு வேப்பெண்ணெயைவிட நனையும் கந்தகத் தூள் நன்றாகக் கேட்கும். லிட்டருக்கு 2 கிராம். இதில் இரண்டு கட்டுப்பாடுகளை மறக்கவே கூடாது. எண்ணெய் தெளித்த செடியில் குறைந்தது இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் தெளிக்கக்கூடாது. 32 பாகைக்கு மேல் வெயில் காயும் நாளிலும் தெளிக்கக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் இலை பொசுங்கிவிடும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் கந்தகத்துக்கு உகந்த காலம் கார்த்திகை முதல் தை வரைதான். மற்ற மாதங்களில் சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, வேப்பங்கொட்டைச் சாற்றையும் அதிகாலைக் கழுவலையும் நம்பியிருப்பதே நடைமுறைக்கு ஏற்றது. சுருண்ட கொழுந்தைக் கிள்ளுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: அடிக்கணுவிலிருந்து வரும் புதுத் தளிர், செடி தேறுகிறதா இல்லையா என்று தெளிவாகக் காட்டும். ஆனால் ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது.

கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தலைசாய்ந்து தொங்கினால் அது வாட்டமன்று. தண்டுக்குள் துளைப்பான் புழு புகுந்திருக்கிறது. தொங்கும் பகுதிக்கு ஓரிரு அங்குலம் கீழே வெட்டி, உள்ளிருக்கும் புழுவோடு நசுக்கி எறிவதே மருத்துவம்.

மாவுப்பூச்சியும் எறும்பும்

செம்பருத்தியிலும் கத்தரியிலும் பஞ்சுத் துணுக்குகளாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சியைப் பார்த்தால், உடனே கண்ணைக் கீழே ஓட்டி எறும்பு வரிசையைத் தேடவேண்டும். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி வெளியிடும் தேன்போன்ற கழிவுக்காக, எறும்புகள் அதன் எதிரிகளை விரட்டிக் காவல் காக்கின்றன. எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை மட்டும் கழுவிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். பையைத் தாங்கும் செங்கற்களைச் சற்றே அகலமான தட்டில் வைத்து, தட்டில் இரண்டு விரற்கடை நீர் நிறுத்தி, பை நீரைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் எறும்பு ஏறாது. நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் இந்த அகழி வீணாகும்.

பிறகு பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்து, கணுக்களிலும் காம்பின் கவட்டிலும் தேய்த்து எடுக்கவேண்டும். மாவுப்பூச்சியின்மேல் மெழுகுப் படலம் இருப்பதால் எந்த மருந்தும் முதலில் வழுக்கி ஓடிவிடும்; தேய்த்துக் கலைத்தபின் தெளித்தால்தான் பலிக்கும். இலையில் கரிபோல் படிந்திருப்பது அந்தத் தேன்கழிவில் வளரும் பூசணம். நீர்த்த சோற்றுக்கஞ்சியைத் தெளித்து வெயிலில் காயவிட்டால் பொருக்காக உரிந்து உதிரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகள் நீண்டு தொங்க, சுறுசுறுப்பாக நடமாடும் ஒன்று தென்பட்டால் அதைக் கொல்லவேண்டாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. வேடம் மட்டும் இரையைப்போல இருக்கும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்டு, தமிழகம் முழுவதும் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை, பூச்சிக்கொல்லியால் அடக்க முடியாமல்போய், கடைசியில் 2010-இல் புவெர்த்தோ ரீக்கோவிலிருந்து தருவித்த கடுகளவு ஒட்டுண்ணிக் குளவிதான் கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த அளவுக்கு வேலை செய்யக்கூடிய துணைவர்கள் நம் மாடிக்கும் வருகிறார்கள். கடுமையான மருந்து முதலில் கொல்வது அவர்களைத்தான்.

பெருமழைக்குப் பின்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் நீர் நின்றதால், மாடிக்குப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஏறிப் பார்த்தபோது, இலைச்சருகு அடைத்த தளத்தின் நீர்ப்போக்கியால் பைகள் கணுக்கால் ஆழ நீரில் உட்கார்ந்திருந்தன. வெயில் வந்த அன்று எல்லாச் செடிகளும் ஒன்றாகத் தொங்கின.

நீரில் மூழ்கிய பைக்குச் செய்யவேண்டியது: பையைச் சாய்த்துப் படுக்கவைத்து ஓர் இரவு வடியவிட வேண்டும், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கைந்து துளைகள் இட வேண்டும், ஒரு வாரம் நிழலில் வைத்து, அதுவரை நீரும் உரமும் நிறுத்த வேண்டும். மண்ணை முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை வரக்கூடாது. வந்தால் செடியை மெல்ல உருவி, பழுப்பேறிக் குழைந்த வேர்களைக் கத்தரித்து, வெள்ளையாக உறுதியாக இருப்பவற்றை விட்டுவைத்து, புதிய உலர்ந்த கலவையில் மாற்றி நடலாம். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் கிளையைக் குறைக்க வேண்டும். நட்ட மூன்றாம் நாள், ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மைசெய் நுண்ணுயிர்த் தூளைக் கரைத்து வேரடியில் ஊற்றுவது அழுகலைத் தடுக்க உதவும். அன்று எனக்குப் பிழைத்தவை பெரும்பாலும் செங்கல் மேல் இருந்த பைகள்தான்.

தேறுகிறதா என்று அறிவது

சுருண்ட இலை மறுபடி விரியாது. கருகிய ஓரம் மறுபடி பச்சையாகாது. இதை அறியாமல் பழைய இலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம்பிக்கை இழந்து மேலும் மேலும் மருந்தடிக்கிறார்கள். பார்க்கவேண்டியது புதிதாக வரும் இரண்டு மூன்று இலைகளை மட்டும்தான். சிகிச்சை தொடங்கிய நாளில் மேலிருக்கும் கணுவில் ஒரு நூலைக் கட்டிவிட்டால், அதற்குமேல் வருபவை அனைத்தும் புதியவை என்று குழப்பமின்றித் தெரியும். பத்து நாளில் நூலுக்கு மேல் தட்டையான, நிறம் தெளிந்த தளிர் வந்தால் செடி மீண்டுவிட்டது. ஒரே நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, தேதியை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைப்பது நல்லது. நீரையும் மாற்றி, இடத்தையும் மாற்றி, மூன்று மருந்தும் அடித்தபின், எது பலித்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

புதுத் தளிர் விரியத் தொடங்கிய பிறகுதான் உணவு. முதலில் ஒரு கைப்பிடி மண்புழு உரம். ஒரு வாரம் கழித்து, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து மாலையில் தெளிக்கலாம். எதற்குப் பசி என்பதையும் இலையே சொல்லும். அடியிலைகள் முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம், அதற்கு லிட்டருக்கு 2 கிராம் எப்சம் உப்பைத் தெளிக்கலாம். கொழுந்திலையில் இதே கோலம் தெரிந்தால் இரும்புச்சத்து. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை. கடினநீரால் மண் காரமாகி, இருக்கும் இரும்பைச் செடி எடுக்கமுடியாமல் போவதால் வருகிறது. முட்டை ஓட்டுத்தூள் நல்லதுதான். ஆனால் அது கரைந்து சேர மாதங்கள் ஆகும் என்பதால் நோயாளிச் செடிக்கு அதனால் பயனில்லை. முதல் ஒன்றிரண்டு மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் செடி காய்க்கு முந்தாமல் இலைக்கும் வேருக்கும் முந்தும். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காப் பக்கம் போகும்போது, வாங்க வேண்டியது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே செடிகளின் இலை நிறத்தைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு வருவது என் வழக்கம். தினமும் பார்க்கும் நம் வீட்டுச் செடியின் மங்கல் நம் கண்ணுக்குப் பழகிவிடும்.

மூன்று வாரமாகியும் நூலுக்கு மேல் நல்ல இலை ஒன்றும் வராத செடியை எடுத்துவிடலாம். அதன் வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணை மற்றப் பைகளில் கலந்துவிடக்கூடாது. மண்ணை நனைத்துத் தளத்தில் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்து, சித்திரை, வைகாசி வெயிலில் நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டால், செடியை வாட்டிய அதே சூடு மண்ணைச் சுத்தம் செய்யும். அதன்பின் வேப்பம்புண்ணாக்கைக் கலந்து, முதல் போகத்துக்கு மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் தவிர்த்து, செண்டுமல்லி வைத்துக்கொள்ளலாம். ஆடியில் நட்டால் ஆயுதபூசைக்குப் பூ கிடைக்கும்.